மேசைக்குக் கீழே இருந்தவள்

வயிற்றில் பிள்ளை அசையவில்லை. முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே அசையவில்லை.

வைக்கோல் வண்டியில் மல்லாந்து கிடந்த பொன்னுத்தாய் ஒரு கையை வயிற்றை விட்டு எடுக்கவே இல்லை. மன்னார்குடிக்கு வருகிற வழி நெடுகப் பள்ளமும் மேடும். ஒவ்வொரு மதகு ஏறி இறங்கும்போதும் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. இந்தக் குலுக்கலுக்காவது கோபித்துக்கொண்டு உள்ளே ஓர் உதை விடாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ஒன்றும் வராது. எட்டு மாதத்துப் பிள்ளை. அவள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தாலே போதும், எனக்கும் கொடு என்கிற மாதிரி விலாவில் இடிக்கிற பிள்ளை. அது இப்போது குளத்தில் போட்ட கல் மாதிரி கிடந்தது.

பொன்னுத்தாய்க்கு நடந்து பழக்கமில்லை. பால்குடி மறந்த வயதில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காலையும் சூம்ப வைத்துவிட்டுப் போய்விட்டது. கையை ஊன்றித்தான் போவாள். உள்ளங்கைக்கு இரண்டு டயர் செருப்பு மாட்டிக்கொண்டு, இடுப்பை இழுத்து இழுத்து வரப்பில்கூடப் போய்விடுவாள். நாற்று முடிச்சு கட்டுவதில் அவள் கைக்கு அந்தத் தெருவில் ஈடு கிடையாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் இளையபெருமாள் அவளைக் கட்டிக்கொண்டான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவனும் ஆமாம் என்று சிரிப்பான்.

அந்த இளையபெருமாளைத்தான் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. சென்னையில் ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி நமக்கு ஒரு விடிவு என்று சனங்கள் கொஞ்சம் நிமிர்ந்து பேசிய காலம். அறுப்புக் கூலியில் இன்னும் அரைப்படி நெல் கேட்டார்கள். பண்ணையார் கொடுக்கவில்லை; வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து வயலில் இறக்கினார். சிவப்புக் கொடியை வரப்பில் ஊன்றிக்கொண்டு, அறுக்க விடமாட்டோம் என்று நின்றவர்களில் இளையபெருமாள் முன்னால் நின்றான். மறுநாளே களத்து நெல்லைக் கொள்ளையடித்ததாகக் கேஸ். ஆண்கள் எல்லாம் எந்தத் திசையென்று தெரியாமல் போய்விட்டார்கள்.

ஆம்பிளை கிடைக்காவிட்டால் பெண்டாட்டியைப் பிடித்து வைப்பது அப்போதைய வழக்கம். அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அவன் தானாக வருவான் என்று கணக்கு. அப்படி அந்தத் தெருவிலிருந்து கொண்டுபோன ஒருத்தி மூன்று மாதப் பிள்ளைத்தாச்சி. திரும்பி வந்தபோது வயிற்றில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே பொன்னுத்தாய் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொள்வாள்.

முந்தின நாளும் ஜீப் வந்தது. அடுத்த வீட்டு அம்சம் ஓடி வந்து அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, கொல்லைப் பக்கமாக வயலில் இறங்கி ஓடினாள். ஈர வரப்பு வழுக்கியது. இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். பொன்னுத்தாய் குப்புற விழுந்தாள். வயிறுதான் முதலில் கரையில் இடித்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளை அசையாமல் போனது.

பொழுது விடிந்ததும் அம்சத்தின் மாமன் மகன் வைக்கோல் வண்டியில் இருவரையும் ஏற்றி, பெரிய குளத்துக்குத் தெற்கே இருந்த டாக்டரம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான். வழியெல்லாம் பொன்னுத்தாய் அம்சத்துக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். ஊர் பேரைக் கேட்டால் வேறு ஊர் சொல்லு. என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் மாரிமுத்து என்று சொல்லு. அம்சமும் மாரிமுத்து, மாரிமுத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேரை ஏன் அம்சம் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தத் தெருப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையானாலும் ஓட்டுப் போடுகிற இடமானாலும், யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பார்கள், அவள் சொல்வாள். அம்சத்தின் புருஷன் பேரைப் பொன்னுத்தாய் சொல்வாள், பொன்னுத்தாய் புருஷன் பேரை அம்சம் சொல்வாள். வருஷக்கணக்காக இப்படியே பழகிப்போன இரண்டு வாய்.

டாக்டரம்மா உள்ளறையில் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தார். வெளியே முன்கட்டில் உயரமான மேசை போட்டுக் கம்பவுண்டர் செல்லதுரை உட்கார்ந்திருந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கறுப்புச் சிவப்புக் கரை வேட்டி. சாயங்காலமானால் தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மனிதரில் உயர்வு தாழ்வு ஏது என்று மணிக்கணக்காகப் பேசுகிறவன். பேச்சும் நன்றாகத்தான் இருக்கும்.

பொன்னுத்தாய் படியில் கையை ஊன்றி ஏறி வாசற்படிக்கு வந்ததும் அவன் தலையை நீட்டி ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னிக்குச் செவ்வாக்கெழம. வெள்ளிக்கெழம வா, காசு போடுவாங்க. போ போ."

அவளைப் பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டான். அம்சம் முன்னால் வந்து, பிச்சைக்கு வரவில்லை, பிள்ளைத்தாச்சி, விழுந்துவிட்டாள், டாக்டரம்மாவைப் பார்க்கணும் என்றாள். அதற்குப் பிறகு அவன் பொன்னுத்தாய் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதெல்லாம் அம்சத்திடம்தான். இதுக்கு எத்தனை மாசம், இது காசு வச்சிருக்கா, இதுக்குப் பேசத் தெரியுமா. பொன்னுத்தாய் கீழேயிருந்து எட்டு மாசங்க என்று பதில் சொன்னாள். அது மேசைக்கு மேலே ஏறவில்லை.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லு என்றான். காலில் செருப்பு இல்லீங்க, கைக்குத்தான் போட்டிருக்கா என்று அம்சம் சொன்னாள். எதுல போட்டா என்ன, செருப்பு செருப்புதானே என்றான் அவன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுத்தாய் இரண்டையும் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, பினாயில் ஈரத்தில் வெறுங்கையை ஊன்றி உள்ளே வந்தாள். பெஞ்சில் இடம் இருந்தது. அங்கே ஏற்றாதே, துணி அழுக்கு ஒட்டும், கீழேயே கிடக்கட்டும் என்றான். மேசைக்கு அடியில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அவனுக்கு அவள் கண்ணில் படாத இடம் அது.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் எதிர் பெஞ்சைப் பார்த்தாள். காக்கி அரை டிராயர், மடியில் தொப்பி, கட்டை விரலில் பெரிய கட்டு. ஒரு போலீஸ்காரர்.

அம்சமும் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். போலீஸ்காரர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் முந்தானைக்குள் கையை விட்டு வயிற்றை லேசாக அழுத்தினாள். எந்திரிடா, ஒரு தடவை திரும்பிப் படுத்துக்கடா, நாம போயிடலாம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒன்றும் இல்லை.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். காரில் வந்த செட்டியார் வீட்டம்மா போனார். தடுமனோடு வந்த வாத்தியார் போனார். அம்சம் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று பார்த்தாள். இருக்கச் சொல்லு, இதுக்கென்ன அவசரம், ஓடவா போகுது என்றான் செல்லதுரை. அதற்கும் பெஞ்சு சிரித்தது.

கடைசியில், அவனுக்கே பொழுது போகாமலோ என்னவோ, சீட்டு எழுதப் பென்சிலை எடுத்தான். அம்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"இதுக்குப் புருஷன்னு ஒருத்தன் இருக்கானா, இல்ல சத்திரத்து வாசல்ல வாங்கிட்டு வந்ததா?"

பொன்னுத்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. அது பெரிசில்லை, அதைப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பக்கத்தில் நின்ற அம்சத்துக்குப் பொறுக்கவில்லை. கேள்வி வந்தது, பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான், கோபமும் சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் மனப்பாடம் பண்ணின மாரிமுத்து எங்கே போனானோ.

"ஏன் இல்லாம? இளையபெருமாளு பொண்டாட்டிங்க இவ. ஊரறியத் தாலி கட்டிக்கிட்டவ."

சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள். போலீஸ்காரர் விரலிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எந்த ஊரு இளையபெருமாளு?"

கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்கிற மாதிரிக் கேட்டார். அம்சம் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. கேக்கறாருல்ல, சொல்லு என்று செல்லதுரை அதட்டினான். போலீஸ்காரர் எழுந்து தொப்பியை மாட்டினார். மேசைக்குக் கீழே குனிந்து, சூம்பிய கால்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு வெளியே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். அந்தச் சத்தம் பொன்னுத்தாய் நெஞ்சில் விழுந்தது.

செல்லதுரைக்கும் வேர்த்துவிட்டது. போலீஸ் கேஸெல்லாம் இங்கே கொண்டுவரக் கூடாது, டாக்டரம்மா காதுக்குப் போனால் என் வேலை போய்விடும், எடு எடு, வெளியே சாக்கடைப் பக்கம் கொண்டு போய் வை என்றான். அவள் நகர்வதற்குள்ளேயே துடைப்பத்தை எடுத்து வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கூட்டத் தொடங்கினான். துடைப்பம் அவள் முழங்காலில் இரண்டு தடவை பட்டது. தெரியாமல் பட்டது என்று சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். வா, முதுகில் ஏறு, ஓடிவிடலாம் என்றாள். பொன்னுத்தாய் ஏறவில்லை.

"புள்ள உசுரோட இருக்கா இல்லியான்னு தெரியாம நான் எங்கக்கா வர்றது?"

நீ போய் எப்படியாவது ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வா, உன்னையும் சேர்த்துப் பிடித்தால் எனக்கு யாரும் இல்லை என்று பொன்னுத்தாய் அவளைத் தள்ளி அனுப்பினாள். செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரமாக, பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்தாள். இவ்வளவு பெரிய தெருவில் அவள் ஒருத்தி மட்டும் தரையில் இருந்தாள். போகிறவர் வருகிறவர் கால்கள்தான் தெரிந்தன. ஒவ்வொரு காலும் போலீஸ் கால் மாதிரியே இருந்தது.

பக்கச் சுவரில் ஒரு சின்னக் கதவு. உள்ளே பர்தா போடும் கோஷாப் பெண்கள் உட்காருவதற்கென்று ஓலைத்தட்டி வைத்து மறைத்த இடம். கதவு விரலளவு திறந்து ஒரு குரல் வந்தது.

"ஏ புள்ள, இங்க வா. சத்தம் காட்டாத."

அது ஆமினா, கடைத்தெரு ராவுத்தர் வீட்டு அம்மாள். ஆஸ்துமாவுக்கு மாதாமாதம் ஊசி போட வருகிறவள். நெல் மூட்டை மாதிரி உடம்பு, வாயில் எப்போதும் வெற்றிலை. தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பொன்னுத்தாயைக் கக்கத்தில் கை கொடுத்து அலாக்காகத் தூக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தாள். தூக்கின வேகத்தில் அவளுக்கே இரைத்தது. தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி, தலையிலிருந்து பாதம் வரை பொன்னுத்தாய்க்குச் சுற்றினாள். கைச்செருப்பு இரண்டையும் அவள் மடிக்குள் திணித்தாள்.

"கண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும். நீ என் மருமவ. எவன் கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

துப்பட்டிக்குள் அத்தரும் வெற்றிலையும் மணத்தன. இப்படி முழுசாகப் போர்த்தி, பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது இதற்கு முன் எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

அதற்குள் முன்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்தவர் ஏட்டு. சைக்கிளில் போனவரைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அனுப்பிவிட்டு இவர் இங்கே வந்திருக்கிறார். கையை ஊன்றி நடக்கிற பொம்பளை எங்கே என்று கேட்டார்.

"அதையெல்லாம் நான் உள்ள விடறதே இல்லீங்க. அப்பவே வெளிய தள்ளிட்டேன்."

செல்லதுரையின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஏட்டு வெளியே போய்ச் சாக்கடை வரைக்கும் பார்த்துவிட்டு வந்தார். நொண்டி எவ்வளவு தூரம் போயிருக்க முடியும், இங்கேதான் எங்கேயாவது கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. தட்டிக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டார். நம்ம ராவுத்தர் வீட்டம்மாங்க என்று செல்லதுரை சொன்னான். ஓ, அப்படியா என்ற ஏட்டு, சோடா வாங்கிவரச் சொல்லி ஓர் ஆளை அனுப்பினார். போகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

பொன்னுத்தாய் மூச்சு விடவும் பயந்தாள். மூச்சில் துப்பட்டி அசையுமோ என்று பயம். அசைய வேண்டியது அசையவில்லை, அசையக் கூடாதது அசைந்துவிடுமோ என்று இருந்தது அவள் நிலைமை. நேரம் போகப் போக இன்னொரு பயமும் வந்தது. உள்ளே பிள்ளைக்கு உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், இப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்திலேயே அது போய்விட்டால்?

அப்போது தட்டிக்கு வெளியிலிருந்து செல்லதுரை கூப்பிட்டான்.

"அடுத்தது நீங்க வாங்கம்மா."

காலையிலிருந்து அவள் காது கேட்ட குரல்தான். ஆனால் இது வேறு குரல். இதில் தேன் தடவியிருந்தது.

இனி எப்படிப் போவது? உள்ளறைக்குப் போக முன்கட்டைத் தாண்ட வேண்டும். ஏட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கையைத் தரையில் வைத்தால் தீர்ந்தது. பொன்னுத்தாய் ஆமினாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆமினா வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். தட்டியைத் தள்ளிக்கொண்டு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி வாசலில் நின்றாள்.

"தம்பி, எனக்கு அப்பறம் பாத்துக்கலாம். எம் மருமவ மாசமா இருக்கா, காலைலேருந்து வலி. ஒரு அடி வைக்க முடியல. கைவச்ச நாற்காலியக் கொண்டா, தூக்கிட்டுப் போவணும்."

அந்த வீட்டில் அதற்கென்று ஒரு நாற்காலி இருந்தது. வசதியான வீட்டு வயசாளிகள் வந்தால் அதில் உட்கார வைத்துத் தூக்கிப் போவார்கள். செல்லதுரை அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஆமினாவும் அவனுமாக அவளை அதில் மாற்றினார்கள். மறுபக்கம் தூக்க ஆள் வேண்டுமே என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சோடாவுக்குப் போனவன் வரவில்லை.

ஏட்டு எழுந்தார். நான் ஒரு கை பிடிக்கிறேன், நம்ம ராவுத்தர் வீட்டுப் பிள்ளைதானே என்றார்.

அவர் அருகில் வந்தபோது பெல்ட்டுத் தோல் வாசனை அடித்தது. பொன்னுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் சந்தேகப்படுவாரோ என்று உடனே திறந்தாள். நாற்காலி தரையை விட்டுக் கிளம்பியது. மடியில் ஒரு செருப்பு நழுவியது. துப்பட்டிக்குள்ளேயே முழங்கையால் அதை வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். அழுத்தினால் பிள்ளைக்கு ஆகாது. விட்டாலோ செருப்பு விழும். பிள்ளை, செருப்பு, பிள்ளை, செருப்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

"பாத்துங்கம்மா, நல்லா சாஞ்சுக்குங்க. கைய இறுக்கிப் புடிச்சுக்குங்க," என்றான் செல்லதுரை.

அவன் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவள் கண்களை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காலையிலிருந்து அந்தக் கண்ணை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே.

"கனமே இல்லியேம்மா," என்றார் ஏட்டு. "இந்தச் சமயத்துல நல்லாச் சாப்புடணும்."

ஆமினா பின்னாலேயே வந்துகொண்டு, எங்க சாப்புடறா, ஒரு வாய் வச்சா ஓடிப் போயிடறா என்று மருமகளைக் குறை சொன்னாள். ஏட்டு சிரித்தார். பச்சைத் திரை விலகியது. நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு இருவரும் வெளியே போனார்கள்.

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நரைத்த கொண்டை, தூக்கமில்லாத கண். துப்பட்டியை விலக்கிப் படுக்க வைக்கும்போது கால்களைப் பார்த்தார், மடியில் இருந்த செருப்புகளையும் பார்த்தார். ஆமினா அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து, திரைக்கு அந்தப் பக்கம் ஏட்டு இருமுகிற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கொல்லைக் கதவைக் கண்ணால் காட்டினார். ஆமினா தன் வீட்டு வண்டியைச் சந்துக்கு ஓட்டிவரச் சொல்ல அந்த வழியாகப் போனாள்.

எப்போது விழுந்தாய், ரத்தம் பட்டதா, வலி எங்கே என்று டாக்டரம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். அவளிடமே கேட்டார். பொன்னுத்தாய்க்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி வைக்கிற மாதிரி இருந்தது.

மரக்குழல் ஒன்றை வயிற்றில் வைத்து டாக்டரம்மா காதைப் பொருத்தினார். ஓர் இடத்தில் வைத்தார். எடுத்தார். இன்னும் கீழே வைத்தார். எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஏட்டு சோடா மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பொன்னுத்தாய்க்கு இப்போது அந்தச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் இருந்தது. வேண்டுமானால் வரட்டும், பிடித்துக்கொண்டு போகட்டும். இந்த அம்மாள் மட்டும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

குழல் இடது பக்கத்து இடுப்போரம் வந்து நின்றது. அங்கேயே நின்றது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இடது கை மேசையில் தடவித் தேடி, பொன்னுத்தாயின் கையைப் பிடித்து மலர்த்தியது. காய்ப்பு ஏறி, மண்ணும் பினாயிலும் ஒட்டிய உள்ளங்கை. அதில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். வேகமாக, சின்னதாக, விடாமல்.

பொன்னுத்தாய்க்கு முதலில் புரியவில்லை. ஏன் தட்டுகிறார் என்று பார்த்தாள்.

"இப்படி அடிக்குது," என்றார் டாக்டரம்மா, காதை எடுக்காமல். "கொஞ்சம் மெதுவாத்தான் அடிக்குது. ஆனா இருக்கு."

படுத்தே கிடக்க வேண்டும், யார் முதுகிலும் ஏறக் கூடாது, நாளைக்கு நானே ஆமினா வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றெல்லாம் பிறகு சொன்னார். அது ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கொல்லைப் பக்கச் சந்தில் மாட்டு மணி கேட்டது. முன்கட்டில் செல்லதுரை, நான் அந்தப் பக்கமும் பாத்துட்டேங்க, எங்கயும் இல்ல என்று ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் கையை மறுபடியும் மலர்த்தி நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி தட்டுங்கம்மா."